ரெண்டு நிமிஷக்காரரின் ஒரே சீஷர்

"அண்ணே, பயப்படாதீங்க. கயிறு உறுதியாத்தான் இருக்கு. ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன், இப்போ அது அறுந்துச்சுன்னா நேரா எங்கே போவீங்கன்னு தெரியுமா?"

லிஃப்டின் கூரைமேல் குப்புறப் படுத்து, அங்கிருந்த சின்னக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே தொங்கவிட்டு மெக்கானிக் இதைக் கேட்டார். உள்ளே, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து பார்த்தார். கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கார் நிறுத்துற இடத்துக்கு."

பரலோகம், நரகம் என்ற இரண்டு பதில்களுக்கு மட்டுமே தயாராக வந்திருந்த மெக்கானிக் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். ஆனாலும் பையிலிருந்து ஒரு துண்டுப்பிரதியை எடுத்துக் கீழே நழுவவிட்டு, "இதைப் படிச்சிட்டிருங்க. ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி, மேலே இயந்திர அறைக்கு ஓடினார். பிரேக்கைத் தளர்த்தி, லிஃப்டை நாலாவது மாடிக்கு இறக்கி, கதவைத் திறந்து ஆளை வெளியே விட ஏழு நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவர் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த கண்ணாடி வில்லைகள் உடையவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, நிமிர்ந்து, "தம்பி, அந்தக் கேள்விக்குச் சரியான பதில்தான் என்ன?" என்று கேட்டபோது, மெக்கானிக் படிக்கட்டில் இரண்டு மாடி கீழே போய்க்கொண்டிருந்தார்.

சபையில் அவருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். "ரெண்டு நிமிஷம் வந்தாச்சா?" "வந்தாச்சு, போயாச்சு." நாற்பத்துநாலு வயது, காற்றில் காயப்போட்ட சட்டையைப் போன்ற உடம்பு. லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். தோள்பையில் ஒரு பக்கம் ஸ்பானர், திருப்புளி, துடைக்கிற துணி; மறுபக்கம் துண்டுப்பிரதிகள். நடுத் தடுப்பு கிழிந்து வருஷக்கணக்காகிறது. அச்சகத்திலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் நித்தியஜீவன், அவர் பையிலிருந்து வெளியே வரும்போது லேசாக எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் வரும்.

கம்பெனியின் விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவரோடு மெக்கானிக் தொடர்ந்து அமைதியாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய பதற்றம் குறையும். என்ன பேச வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை. அந்த இடத்தைத்தான் நம் ஆள் பிடித்துக்கொண்டார். "மனுஷன் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போதுதாங்க உண்மை பேசுவான்" என்பது அவர் கண்டுபிடிப்பு. "மாடி வந்துட்டா பழையபடி மேனேஜர் ஆயிருவான்." ஒரு பெண் வக்கீல் மட்டும், "என்னை விடுவிப்பதற்கு முன்பு என் பாவங்களை விசாரித்தார்" என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார். முதலில் கதவு, பிறகு பேச்சு என்று கம்பெனி எச்சரித்தது. அன்றிலிருந்து அவர் முதலில் கதவைத் திறக்கிறார். திறந்ததும் ஆள் நடக்கிறான். இவர் அவனுக்கு முன்னால், அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு, கார் கதவு சாத்தப்படும்வரை பேசுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தூணில்தான் மோதியிருக்கிறார்.

உட்காருவது என்பது அவருக்கு ஒத்துவராத காரியம். சாப்பாடு ஜன்னல் ஓரத்தில் நின்றபடி. ஆராதனையில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவு ஓரம். பிரசங்கம் இரண்டாவது பாகத்துக்குப் போகும்போது இவர் மின்விசிறியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஏணி எடுக்கப் போயிருப்பார். அவர் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறார். ஊசி குத்துகிற கை நிதானமானது, பேச்சும் அப்படித்தான். "என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதே படிக்கட்டுல இறங்கிக்கிட்டேதான். நான் யோசிச்சுச் சரின்னு சொல்றப்போ மனுஷன் கீழே வாசலுக்கே போயிட்டாரு. கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. கட்டடத்துக்கே தெரிஞ்சு போச்சு."

மாதாந்தரக் கூட்டத்தில் அவர் கொடுக்கும் அறிக்கையைக் கேட்கச் சபையில் கூட்டம் கூடும். "இந்த மாசம் பதினாறு பேர் கை தூக்கினாங்க ஐயா. ஆண்டவர் வேணும்னாங்க." போதகர் முன்னாள் கணக்கு வாத்தியார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மௌனம். ஒரு மாதம் அவர் கேட்டார்: "கை தூக்கினவங்க இப்போ எங்கே தம்பி?"

"கை இறங்கிருச்சுங்க ஐயா."

சபை சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்த ஓட்டமெல்லாம் எங்கே போவதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்பு சபைக்கு வந்த ஒருவர், கப்பலில் மூன்று நாள் போக வேண்டிய ஒரு தீவின் படங்களைச் சுவரில் காட்டினார். பாறை, மூடுபனி, கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற முகங்கள். அங்கே ஒரு சபையும் இல்லை, ஒரு விசுவாசியும் இல்லை என்றார். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மறுநாளே ஒரு பெட்டி வாங்கி, இரண்டு கம்பளியும் நாலு சட்டையும் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஒவ்வொரு வருஷமும், தன்னை அனுப்பச் சொல்லிச் சபைக்கு ஒரு கடிதம். ஒவ்வொரு வருஷமும் மூப்பர்கள் அதை ஜெபத்தோடு ஒத்திவைத்தார்கள். எதையும் ஒத்திவைப்பதில் அவர்கள் மூவரும் அனுபவசாலிகள்.

"அங்கே லிஃப்ட் கிடையாதாமேங்க" என்று மனைவி ஒருமுறை நினைவூட்டினார்.

"அதுக்குத்தான் போகணும்கிறேன். எல்லாரும் தரையிலேயே நிப்பாங்க. சாவகாசமாப் பேசலாம்."

போன வருஷம் போதகர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வருஷம் ஒருவரை அந்தத் தீவுக்கு அனுப்பச் சபை முடிவு செய்திருக்கிறது. "நீங்களும் விடாம கேக்கறீங்க. சரி. ஒரு ஏற்பாடு. ஒரே ஒருத்தர். வாரம் ஒரு மணி நேரம், ஒரே மேஜை, ஐம்பத்திரண்டு வாரம். வருஷம் முடியிறப்போ அந்த ஆளு தானா எழுந்து இன்னொருத்தரை உக்கார வைக்கணும். வச்சா, உங்களை அனுப்பறோம்."

"ஐயா, ஒரு வருஷத்துல நான் ஐந்நூறு பேர்கிட்ட பேசிருவேனே."

"பேசுவீங்க. நான் கேக்கிறது ஒரு சீஷர்."

"போகச் சொல்லித்தானே ஐயா கட்டளை?"

"போய்ச் சீஷராக்குங்கன்னும் அதுலயே இருக்கு. ரெண்டையும் சேத்துப் படிங்க."

கை தூக்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார் மெக்கானிக். ஒருவர் வேலை மாறிப் போயிருந்தார். ஒருவர், "கை தூக்கினாத்தான் கதவு திறக்கும்னு நினைச்சேன் சார்" என்று உண்மையைச் சொன்னார். இன்னொருவர் போனில் குரல் கேட்டதும், "லிஃப்ட்டா? இப்போ நல்லா ஓடுதுங்களே" என்று வைத்துவிட்டார். மூன்று வாரம் அலைந்து ஓய்ந்தபோது, கையே தூக்காத ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆறாவது மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். வில்லைப் பெட்டியோடு மாட்டிக்கொண்டவர்.

"அன்னைக்கே கேட்டேன். நீங்க இறங்கிப் போயிட்டீங்க" என்றார் கண்ணாடிக்காரர், விட்ட இடத்திலிருந்து. "வாங்க, உக்காருங்க."

ஐம்பத்தெட்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவருக்கு யாரும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. காபி குடிக்க ஆறு மாடி இறங்க வேண்டுமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் காபிக் கடை சாத்திவிடும். கண் பரிசோதனைக்கு வருகிறவரின் முன்னால் ஒரு வில்லையை மாட்டி, "இதுவா?" என்பார், அடுத்ததை மாட்டி, "அதுவா? எது தெளிவு?" என்பார். சந்தேகம் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. வேத வசனத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மெக்கானிக் ஒரு வசனத்துக்கு விளக்கம் சொல்லி, வேறொரு விளக்கமும் உண்டு என்றால், கண்ணை மூடி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது தம்பி. மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க" என்பார்.

கடையில் இரண்டு இருக்கைகள்தான். கண்ணாடிக்காரரின் முக்காலி, கண் பரிசோதிக்கிற பெரிய நாற்காலி. குருவான மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் முன்னால் வில்லைகள் பொருத்தும் இரும்புக் கை வந்து நிற்பதால் நினைத்த மாத்திரத்தில் எழுந்திருக்க முடியாது. முதல் வியாழக்கிழமை அதையும் தள்ளிவிட்டு எழுந்தார், பதினோராவது நிமிஷத்தில். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று போன். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது தொழில் விதி. "அண்ணே, அந்த நாலாவது வசனத்தை மட்டும் பாத்து வைங்க. ரெண்டே நிமிஷத்துல வந்துருவேன்." அடுத்த வியாழக்கிழமை வந்தார்.

இப்படியே போயிற்று. நகரத்து லிஃப்டுகளெல்லாம் வியாழக்கிழமை நாலு மணிக்கு நிற்பதென்று பேசி வைத்துக்கொண்டதோ என்னவோ. போதகர் கேட்கும்போது, "வாரம் தவறாம போறேன் ஐயா" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. போனார், போனவுடன் போய்க்கொண்டும் இருந்தார். முழு ஒரு மணி நேரம் அவர் உட்கார்ந்தது ஒன்பதே வாரம் என்பது கண்ணாடிக்காரரின் கணக்கு. உட்கார்ந்த வாரங்களிலும், "இதைப் பத்தி நீங்க என்னண்ணே நினைக்கிறீங்க?" என்று கேட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க நினைக்கிறது சரிதான்" என்று பதிலும் சொல்லிவிடுவார்.

நாற்பதாவது வாரம் வந்தபோது மெக்கானிக்கின் காலில் சுடுதண்ணீர் கொட்டியதுபோல ஆயிற்று. அவர் சீஷர் அதுவரை சபைக்கு இரண்டு தடவைதான் வந்திருக்கிறார். ஞானஸ்நானம் என்றால், "எடுக்கணும்னா எடுக்கறேன். அவசரமில்லையே" என்கிறார். வாய்விட்டு ஒரு ஜெபம் பண்ணிக் கேட்டதில்லை. இன்னொருவரை உட்கார வைப்பதாவது. பன்னிரண்டு வாரத்தில் கப்பல் போய்விடும். வீட்டுக்குள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"தூண்டிலைப் போட்டுட்டு நீங்களே தண்ணியைக் கலக்கிக்கிட்டிருந்தா மீன் எப்படிங்க வரும்?" என்றார் மனைவி.

"நான் எங்கே கலக்கினேன்?"

"இப்போ என்ன பண்றீங்களாம்? உக்காந்து கேளுங்க."

நாற்பத்தேழாவது வாரம் வழக்கம்போல போன் வந்தது, வழக்கம்போல ஓடினார். தெருவைத் தாண்டிய பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தால் முக்கோணச் சாவி இல்லை. இரும்புக் கையில் மாட்டுகிறது என்று கழற்றி மேஜையில் வைத்தது ஞாபகம் வந்தது. நோயாளியிடம் போகிற டாக்டர் கையை வீட்டில் வைத்துவிட்டு வந்த கதை. பாதி வழியிலிருந்து திரும்பி, ஆறு மாடியும் படியேறினார். கடை வாசலில் தரை துடைக்கிற கட்டை ஒன்று சாய்த்து வைத்திருந்தது, ஈரம் சொட்டியது. உள்ளே பேச்சுக் குரல்.

"ஏன்ணே, ஆண்டவர் கூப்பிட்டதும் அந்த மீன் பிடிக்கிறவங்க வலையை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்களே. வீட்ல பொண்டாட்டி ஒண்ணும் கேக்கலியா?"

ஆறாவது மாடியைத் துடைக்கிற அக்கா. அந்த வாயைக் கட்டடம் முழுவதற்கும் தெரியும். எட்டிப் பார்த்தால், அவர் பெரிய நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். முக்காலியில் கண்ணாடிக்காரர். நடுவில் புத்தகம்.

"கேட்டிருப்பாங்கம்மா. எழுதலை" என்றார் கண்ணாடிக்காரர். "நீ என்ன நினைக்கிறே?" கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அக்கா தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் அப்போதும் சும்மா இருந்தார். வாசலுக்கு வெளியே நின்ற மெக்கானிக்கின் தொண்டைவரை பதில் வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானா இருந்தா வலையைப் பக்கத்து வீட்ல கொடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார் அக்கா கடைசியில். "திரும்பி வந்தா வேணும்ல. அப்படி நினைக்கிறவதான் நான். அதுதான் என்கிட்ட சிக்கலுன்னு நினைக்கிறேன்."

"எனக்கும் அதே சிக்கல்தான்."

"போன வாரம் படிச்சதை என் தங்கச்சிக்குச் சொன்னேன்ணே. கேன்டீன்ல பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டா. ஒரு சந்தேகம், நம்ம ரெண்டு நிமிஷம் சார்கிட்ட கேட்டுச் சொல்லுன்னா. அவரு உக்காந்தாத்தானே கேக்கிறதுக்குன்னேன்."

கண்ணாடிக்காரர் சிரிக்காமல் ஜெபம் பண்ணினார். வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைப்பதுபோல. அக்காவுக்காக, தங்கச்சிக்காக. பிறகு, "தம்பிக்குக் காலுக்குப் பெலன் கொடுங்க. அவரு அந்தத் தீவுக்குப் போக ரொம்ப ஆசைப்படுறாரு. நான் சரியா வந்தாத்தான் அவரு போக முடியும்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்காகச் சரியா வர்றது சரிதானான்னு தெரியலை. நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

மெக்கானிக் சாவியை எடுக்காமலே இறங்கிவிட்டார். அன்று நாலு தெரு தள்ளி ஒரு லிஃப்டில் ஒரு பல் டாக்டர் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றார் என்று கேள்வி. நம் ஆள் நேராகப் போனது போதகர் வீட்டுக்கு. "ஐயா, ஒண்ணு கேட்டீங்க. மூணு ஆயிருச்சு" என்று வாசலிலிருந்தே சொன்னார். அவர்கள் எப்படி ஆனார்கள், தான் இல்லாத நேரத்தில்தானே ஆனார்கள் என்ற பகுதியையும் மறைக்காமல் சொன்னார். அந்த மட்டில் நேர்மையான மனிதர். கெட்டிக்காரராக இருந்திருந்தால் அதை விட்டுச் சொல்லியிருப்பார்.

போதகர் இரண்டு மூப்பர்களோடு ஆறாவது மாடிக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனார். மூப்பர்களில் ஒருவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பதினைந்து வருஷமாகப் பாட்டுப் புத்தகத்தில் வேறு வரியைப் பாடிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐம்பதாவது வாரம். லிஃப்ட் ஓடும் குழியின் அடியில், இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்று மெக்கானிக் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். மேலே, திறந்த கதவுக்கு வெளியே, போதகர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தம்பி, அனுப்பறதா முடிவு பண்ணிட்டோம்."

"ஸ்தோத்திரம் ஐயா."

"உங்களை இல்லை."

ஸ்பானர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "வேற யாரை?"

"அண்ணனை."

"ஆறாவது மாடியையா? அவரு காபி குடிக்கக் கீழே இறங்கவே அரை நாள் யோசிப்பாரு ஐயா."

"யோசிச்சாரு. நாலு நாள். சரின்னுட்டாரு. அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். அந்தத் தீவுல ஐந்நூறு பேரு கண்ணு மங்கிக் கிடக்காங்க, பாக்க ஆளில்லை. இவரு ஒரே இடத்துல இருபது வருஷம் உக்காந்து பேசுவாரு."

"நீங்க கேட்டதை நான் செஞ்சேனே ஐயா. ஒருத்தரை உக்கார வச்சேன்."

"வச்சீங்க. அதனாலதான் அவரு போறாரு."

"எனக்கு வாக்குக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். இப்போ மாத்தறேன். என்மேல கோவப்படுங்க, தப்பில்லை" என்றார் போதகர். கணக்கு வாத்தியார்கள் வாக்கு மாறும்போதும் வழிமுறையைக் காட்டிவிடுகிறார்கள். குழிக்குள் நின்றவருக்கு அன்று ஓடுவதற்கு இடமில்லை. ஏற்கெனவே முடுக்கியிருந்த திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் சபைக்கு வரவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. கம்பெனி கொடுத்த மாற்றுச் சாவியில் லிஃப்டுகள் அதிவேகமாகச் சரியாயின. மாட்டிக்கொண்டவர்கள் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். ஒருவரிடமும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கடி மாட்டிக்கொள்கிற ஒரு வங்கி ஊழியர், பழக்க தோஷத்தில் நின்று, "இன்னைக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார். "ஒண்ணுமில்லை சார். மாடி வந்துருச்சு, இறங்குங்க." வீட்டில் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கம்பளிகளை எடுத்து உதறி வெயிலில் போட்டார். 

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கண்ணாடிக்காரர் வந்தார். ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்த தலை முழுதாகக் காயவில்லை. உட்காரச் சொல்லும்வரை காத்திருந்து, முக்கோணச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, தீவு உங்க இடம். நீங்க வேண்டாம்னா நான் போகலை. போதகர்கிட்ட நானே சொல்லிக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

மெக்கானிக் ஜன்னலண்டை நின்றார். கம்பளிகள் கொடியில் ஆடின. மனைவி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு அசையாமல் நின்றார். ஒரே ஒரு சொல் போதும். கண்ணாடிக்காரர் எழுந்து, படியிறங்கி, ஆறாவது மாடிக்குத் திரும்பிவிடுவார், யார்மேலும் வருத்தமில்லாமல். அந்த மனிதர் அப்படிப்பட்டவர் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் மெக்கானிக்தான்.

"அங்கே கண்ணு பாக்க ஒருத்தரும் இல்லையாமே" என்றார், திரும்பாமலே.

"இல்லையாம்."

"வில்லை தேய்க்கிற மெஷினை எப்படிக் கொண்டு போவீங்க?"

"அதான் தெரியலை. அப்படியே கட்டி ஏத்திரலாம்னு."

"அப்படியே கட்டினா கப்பல் ஆடுற ஆட்டத்துல அச்சு வளைஞ்சிரும்ணே. கழட்டித்தான் கட்டணும். கழட்டத் தெரியாம கழட்டினா அங்கே பூட்ட முடியாது." ஜன்னலை விட்டுத் திரும்பினார். "நான் வரேன். நாளைக்கு."

மூன்று நாள் ஆறாவது மாடியில் அதைக் கழற்றினார்கள். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, எண்ணெயிட்டுத் துடைத்து, துணியில் சுற்றினார் மெக்கானிக். சுற்றியதைத் திரும்பப் பிரித்து, "இப்போ நீங்க பூட்டுங்க" என்றார். கண்ணாடிக்காரர் பூட்டினார், தப்பாகப் பூட்டினார். மெக்கானிக்கின் கை இரண்டு தடவை முன்னால் போய்ப் பின்வாங்கியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. துடைக்கிற அக்கா வாசலில் நின்று, "என்ன சார், மூணு நாளா ஒரே இடத்துல இருக்கீங்க, உடம்பு சரியில்லையா?" என்றார். அண்ணன் போன பிறகு வியாழக்கிழமை தன்னோடு உட்காருவீர்களா என்று மெக்கானிக் மெல்லக் கேட்டபோது, அக்கா தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. "உங்ககூடவா? எனக்கு என் தங்கச்சி இருக்கா, அவ பாட்டுக்கு நாலு பேரைச் சேத்துக்கிட்டு வரா. நீங்க வேற ஆளைப் பாருங்க சார்."

துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் மரப்பெட்டியை, மேலே கட்டிய இரண்டு கம்பளிகளோடு எடை போட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண், மூன்று தாளாகக் கார்பன் வைத்த படிவத்தை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"வாங்கிக்கிறவர் பேரு இருக்கு. அனுப்புறவர் பேரு எழுதலியே."

"பெட்டி இவரோடதுதாங்க. இவரே அங்கே போய் வாங்கிக்குவாரு" என்றார் மெக்கானிக்.

"வாங்கிக்கிறவரும் அனுப்புறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது சார். நாளைக்குப் பெட்டி திரும்பி வந்தா யார்கிட்ட கொடுக்கிறது?"

"திரும்பி வராது."

"வராதுன்னாலும் ஒரு பேரு வேணும். இல்லாம ஏத்த மாட்டாங்க."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றது. மெக்கானிக் ஜன்னல் கட்டையில் நூலால் கட்டியிருந்த பேனாவை எடுத்தார். மை வரவில்லை, உதறினார். குனிந்து, காலியாக இருந்த கோட்டின்மேல் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். எழுதி முடித்துப் படிவத்தைக் கொடுக்காமல், மேல் தாளைத் தூக்கி அடியில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதற்கும் கீழே இருந்த தாளைத் தூக்கினார்.